லைட் போட்டால் வருகிற அண்ணன்

மலேசியா போய் வந்தவளிடம் எல்லோரும் இரட்டைக் கோபுரத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பத்துமலைப் படியெல்லாம் ஏறினாயா என்கிறார்கள். நான் பார்த்தது ஒரு சுவர். அதுவும் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவர். கோபுரத்தை ரயில் ஜன்னல் வழியாகத் தூரத்தில் ஒரு முறை பார்த்தேன். அப்போதும் நான் இருந்தது தப்பான ரயிலில்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஓசூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். ஓனிக்ஸ் என்று தேன் நிறத்தில் ஒரு கல் உண்டு. ஒளியை உள்ளே விடுகிற கல். அதை பிஸ்கட் பருமனுக்கு அறுத்து, ஒரு பக்கத்தை மெருகேற்றி, மறுபக்கத்தைத் தெளிவான பசையால் கண்ணாடியில் ஒட்டுவோம். கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் பலகை. சுவிட்சைப் போட்டதும் அதுவரை கண்ணுக்கே தெரியாமல் கிடந்த ரேகைகளெல்லாம் கல்லுக்குள்ளிருந்து எழுந்து வரும். நகைக்கடைக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். கண்ணாடி தாங்காவிட்டால் அவ்வளவு மெல்லிய கல் தன் பாரத்திலேயே உடைந்துவிடும். பசைக்குள் ஒரு குமிழி, ஒரு தலைமுடி இருந்தாலும் விளக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டியது ஒட்டியதுதான். பிரித்து எடுக்கிற வித்தை இதுவரை யாருக்கும் தெரியாது.

என் தங்கை சுமதியை மலேசியாவில் கிள்ளான் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கணவர் செல்வம் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் அனுப்புகிற வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, லோரியை விற்றுவிட்டு, காப்பார் சாலையில் ஒரு கொட்டகை பிடித்து, இதே வேலையை ஆரம்பித்துவிட்டார். மூன்று முறை ஒட்டினார். மூன்று முறையும் பசை பால் மாதிரி வெளுத்துப்போனது. நான்காவதாகத்தான் தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் என்கிற பகுதியில் புதிதாகத் திறக்கப்போகிற ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சுவர் வேலை கிடைத்தது.

"அக்கா, நீங்க ஒரு தடவ வந்து காட்டிக்குடுத்துட்டுப் போங்க லா," என்றார் போனில். "இதையும் கெடுத்தேன்னா கொட்டகைய மூடிட்டு அடுத்தவன் லோரியதான் ஓட்டணும். சுமதிகிட்ட நான் இத சொல்லல."

சுமதி முந்தின நாளே எனக்குப் போன் செய்து இதையேதான் சொல்லியிருந்தாள். தான் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொல்லியிருந்தாள். மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே பசை ஏன் வெளுக்கிறது என்று புரிந்துவிட்டது. காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும். ஓசூரில் உதட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அலைகிறவள் நான். இங்கே காரை விட்டு இறங்கும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைப் பனி மூடிக்கொண்டது. கொட்டகையில் ஒரு மூலையைப் பிளாஸ்டிக் தாளால் மறைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து உள்ளே ஓடவிடச் சொன்னேன். நான் செய்த உருப்படியான வேலை இது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

சுமதி வீட்டில் எல்லாப் பொருளும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி, புதிதாக வாங்கிய ஏர் பிரையர் என எல்லாவற்றுக்கும் மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூஜைக்கு நானும் இயந்திரங்களுக்குப் பொட்டு வைக்கிறவள்தான். அவளுக்கு வருஷம் முழுக்க ஆயுத பூஜை. கொட்டகைக்குள் நுழையும்போதே அவள் கையில் குங்குமச் சிமிழைப் பார்த்துவிட்டு, "கல்லோட முகத்துல கை வச்ச, கொன்னுடுவேன். எண்ணெயோ குங்குமமோ பட்டா உள்ள இறங்கிடும்," என்றேன்.

"முகத்துல வைக்கல, போ," என்றாள். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள் என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

மறுநாள் காலை ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் வசதியான மைத்துனன் என்று சொல்லலாம். பருப்புக் குழம்பைக் கேட்காமலேயே ஊற்றினார்கள். டீயில் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று நான் அழகான தமிழில் விளக்கமாகச் சொல்ல, பரிமாறியவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பி "தே தாரேக் கூராங் மானிஸ்" என்று கத்தினார். அதற்குள் நான் சொன்னதெல்லாம் அடங்கிவிட்டது. ஆனாலும் வந்த டீயில் ஸ்பூன் நிற்கும் அளவுக்குச் சர்க்கரை இருந்தது. இது குறைவு என்றால் நிறைய என்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே குடித்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை, சுவரைக் கடைசியாக ஒருமுறை அளந்து வரப் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். கடைக்காரர் பெயர் குணா. நாற்பது வயதிருக்கும். வேலை முடியாத கடைக்குள்ளேயே இலை போட்டு, சமையல்காரர் பாண்டியை அழைத்து, எனக்கு மட்டும் ஒரு சாப்பாடு பரிமாற வைத்தார். பாகற்காயை மொறுமொறுவென்று பொரித்து வைத்திருந்தார்கள். பாகற்காயை நான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனால் குளிர் தாங்கவில்லை. தலைக்குமேல் ஏர்கான் உறுமிக்கொண்டிருந்தது. சோற்றில் ஊற்றிய ரசம் கையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் ஆறிப்போனது.

"குளுருதா அக்கா? இந்த ஏர்கானுக்காகத்தான் எங்க அண்ணன்கூட சண்டையே," என்றார் குணா.

மூன்று கடை தள்ளி இருப்பது அண்ணன் மணியத்தின் கடை. அவர்கள் அப்பா ஆரம்பித்தது. அப்பா போன பிறகு, ஏர்கான் போடலாம் என்றிருக்கிறார் தம்பி. வாழையிலைச் சாப்பாடு வியர்க்க வியர்க்கச் சாப்பிட வேண்டியது, ஏர்கான் போட்டால் இலையும் வாடும், ரசமும் செத்துப்போகும், வந்தவன் எழுந்தும் போக மாட்டான் என்றிருக்கிறார் அண்ணன். பேச்சு வளர்ந்து தம்பி வெளியே வந்துவிட்டார். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்களாம்.

"ஓப்பனிங்குக்கு கூப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவர் வர மாட்டாரு. அதனால கூப்பிடல," என்றார். கூப்பிடாததனால் அவர் வரவும் மாட்டார். நியாயம்தான்.

மதியம் மூன்று மணிக்கு முன்னால் கிள்ளான் திரும்பி, என் கையால் பசை ஊற்றுவது என்பது திட்டம். கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கென்று இளஞ்சிவப்பில் தனிப் பெட்டி இருக்கிறது. அதைப் பார்த்த சந்தோஷத்தில் எந்த ஊர் ரயில் என்று பார்க்காமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் ஒரு அம்மா. மருத்துவமனையில் தாதியாக இருக்கிறவர். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டே, துப்பட்டாவுக்கு அடியில் எனக்கு ஒரு கறிபாப் கொடுத்தார். உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்தது. அவர் மகனுக்குப் பெண் பார்க்கிற கதை முடியும்போது வெளியே பார்த்தால் ரயில் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது.

"நீங்க எங்க எறங்கணும்?"

"கிள்ளான்."

அவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "கிள்ளான் அந்தப் பக்கம் லா. இது காஜாங் போவுது."

உடனே செல்வத்துக்குப் போன் செய்து, நான் வருகிறவரை எதையும் தொட வேண்டாம் என்றேன். சரி என்றார். அதோடு என் போனில் சார்ஜ் தீர்ந்தது. நான் காஜாங்கில் இறங்கி, எதிர் நடைமேடைக்கு ஓடி, மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் வந்து, சரியான ரயிலை நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு ஏறி, கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது வேலை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மணிக்கு ராகு காலம்," என்றாள் சுமதி. "மொத மொதல்ல செய்யிற பெரிய வேலை. ராகு காலத்துல ஆரம்பிக்கச் சொல்றியா?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வீசியிருப்பேன். அதற்குப் பதில் ஓரத்தில் குனிந்து பார்த்தேன். இரண்டு கற்களையும் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் பசை ஊற்றி, மேலே கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் சாய்த்து இறக்கியிருக்கிறார்கள். ஓரம் முழுக்கப் பசை பளிங்கு மாதிரி இருந்தது. வெளுப்பு இல்லை, குமிழி இல்லை. கண்ணாடிமேல் கீறல் படாமல் இருக்க ஒட்டியிருந்த பழுப்புத் தாளை நான் உரிக்கவில்லை. காய்கிறவரை உரிக்கக் கூடாது. நான் இல்லாமலே வேலை சுத்தமாக நடந்துவிட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது.

புதன்கிழமை பசை காய வேண்டிய நாள். கண்ணாடிக்கடைத் தவுக்கேயைப் பார்க்கச் செல்வத்தோடு போனேன். முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். சீனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவராம். என்னைவிட வேகமாகத் தமிழ் பேசினார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார், இல்லை என்றதும் ஏன் இல்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டார். செல்வத்தின் பெட்டியில் அதே பாறையில் அடுத்தடுத்து அறுத்த இன்னும் இரண்டு கற்கள் உபரியாக இருந்தன. உடைந்தால் கைகொடுக்கட்டும் என்று வாங்கியது. அதற்கும் ஒரு கண்ணாடி வெட்டி வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, "ஒரு வாரம் ஆவும். அவசரம்னா பத்து நாள்," என்றார். அவசரப்படுத்துகிறவர்களுக்கு அவர் வைத்திருந்த தண்டனை அது.

வியாழக்கிழமை சுவரைக் கொண்டுபோய் மாட்டினோம். செல்வம் பின்பக்கத்துப் பழுப்புத் தாளை உரித்து, விளக்குப் பலகையைச் சாத்தி, ஒயர் கொடுத்தார். இரண்டு கற்களும் புத்தகத்தை விரித்து வைத்த மாதிரி, ஒன்றின் ரேகை மற்றதில் திரும்பி விழும்படி பொருத்தியவை. தொழிலில் இதற்குப் பெயரே புக் மேட்ச். விளக்கு இல்லாதபோது சாதாரண மஞ்சள் கல். குணா கடை நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சுமதி சாமி கும்பிட்டுக்கொண்டாள். செல்வம் சுவிட்சை விட்டு விலகி நிற்க, நானே அதைப் போட்டேன்.

ஒரு முகம் வந்தது.

இரண்டு பக்கமும் சமமாகப் பழுப்பு ரேகை வளைந்து இரண்டு கண்கள். நடுவில் மூக்கு. அதற்குக் கீழே இரண்டு கல்லிலும் வழிந்து இறங்குகிற அடர்ந்த மீசை. புக் மேட்ச் போட்டால் இப்படிச் சில நேரம் வண்ணத்துப்பூச்சியோ ஆந்தையோ தெரிவது வழக்கம்தான். ஆனால் எந்த ஆந்தையும் நெற்றியில் மூன்று பட்டை போட்டுக்கொண்டு நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு இருப்பதில்லை. திருநீறு வெளிச்சத்தை மறைத்து, மூன்று கறுப்புக் கோடாக விழுந்திருந்தது. குங்குமம் உள்ளே இறங்கி, ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பாக ஜொலித்தது.

நான் சுமதியைப் பார்த்தேன். செல்வமும் பார்த்தார்.

"முகத்துல வைக்காதன்னா," என்றாள் அவள். "முதுகுலதான் வச்சேன். இவரும் முதுகுதானேன்னு விட்டுட்டாரு. யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். ரெண்டு கல்லுக்கு எதுக்கு ரெண்டு பொட்டுன்னு, சேர்ற எடத்துல ஒண்ணா வச்சிட்டேன்."

அந்த நேரத்தில் பாண்டி சமையலறையிலிருந்து வெளியே வந்தார். குணாவிடம் சேருவதற்கு முன்னால் மணியத்தின் கடையில் வேலை பார்த்தவர் அவர். சுவரைப் பார்த்தவர் சட்டென்று மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"பெரிய மொதலாளி," என்றார், மெதுவாக.

குணா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஆமா லா. அண்ணன்தான். அந்த மீச, அந்த மொறப்பு. நான் நாளைக்கு இவர பின்னாடி வச்சுக்கிட்டு எப்படி அக்கா யாவாரம் பண்றது?"

செல்வம் தரையில் கிடந்த ஒயர்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனசுக்குள் லோரி ஓட ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு சாமான் பொட்டு இல்லாமல் இருந்தால் குடும்பம் அழிந்துவிடுமா என்று சுமதியைக் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து யோசனை சொல்ல ஆரம்பித்தோம்.

கல்லை இடம் வலமாகத் திருப்பி மாட்டலாம் என்றார் பாண்டி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற முகத்தை எப்படித் திருப்பினாலும் அதே முகம்தான் என்று விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. தலைகீழாக மாட்டிப் பார்த்தோம். அண்ணன் சிரசாசனம் செய்தார். பார்க்கிறவன் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்ததால் முன்பைவிட இன்னும் நன்றாக அடையாளம் தெரிந்தது. திரும்ப நேராக மாட்டினோம்.

நெற்றியை மட்டும் மறைத்தால் போதும் என்றாள் சுமதி. குணா ஓடிப்போய் அடுத்த தெருப் பூக்கடையிலிருந்து பெரிய ரோஜா மாலை ஒன்றை வாங்கி வந்தார். மேலே ஆணி அடித்து மாலையைத் தொங்கவிட்டோம். அது நெற்றியை மறைக்காமல், முகத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் அழகாக இறங்கியது.

"அக்கா, எங்க அண்ணன் உயிரோட இருக்காரு," என்றார் குணா. "மூணு கடை தள்ளி நல்லா இருக்காரு. எடுங்க அத. பேசலன்னாலும் நான் அவருக்குக் கெட்டது நெனச்சதில்ல."

மாலையைக் கழற்றி, வாடிவிடாமல் குளிர்பெட்டியில் வைத்தோம். விளக்கைப் போடாமல் கடையைத் திறப்பது, சுவரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்புறம் என்பதற்கு என்ன பொருள் என்று செல்வத்துக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிள்ளான் வரைக்கும் காரில் யாரும் ரேடியோ போடவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் என்பதால் காலையிலேயே கடை திறந்தாயிற்று. பால் காய்ச்சி, பூசணிக்காய் உடைத்து, வந்தவர்களுக்குக் கேசரி கொடுத்தார்கள். கூட்டம் நன்றாகவே இருந்தது. விளக்கு இல்லாத சுவர் குணாவுக்குப் பின்னால் சும்மா மஞ்சளாக நின்றது. வந்தவர்கள் அதை டைல்ஸ் என்று நினைத்தார்கள். என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனாலும் அன்றைக்கு அது போதும் என்றிருந்தது.

மதியப் பந்தி நடந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். சுவரில் பார்த்த அதே மீசை. நெற்றியில் மூன்று பட்டை, நடுவில் குங்குமம். வெள்ளை வேட்டி. எனக்கு ஒரு கணம் கல்லுக்குள்ளிருந்துதான் இறங்கி வந்துவிட்டாரோ என்று தோன்றியது. பாண்டி மெல்லச் சமையலறைக்குள் மறைந்தார். செய்தி எப்படிப் போனது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என் மொகத்த செவுத்துல மாட்டி மால போட்டியாமே," என்றார் மணியம். மூன்று வருஷத்தில் தம்பியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை இதுதான். "லைட்ட போடு. பாப்போம்."

குணா செல்வத்தைப் பார்த்தார். செல்வம் என்னைப் பார்த்தார். நான் சுமதியைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

முகம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு வாசலில் நிற்பவரைப் பார்த்தார்கள். கேசரிக் கிண்ணத்தோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றுவிட்டார். மணியம் கல்லாப்பெட்டி வரை நடந்து போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார்.

"இது நானா?" என்றார். "டேய், எனக்கு இந்தப் புருவம் எங்கடா இருக்கு? வெட்டுக்காயம் பாரு, இடது பக்கம். நல்லா பாரு. இது அப்பாடா."

இடது புருவத்தின்மேல் ரேகை ஒன்று குறுக்கே ஓடியது உண்மைதான். புக் மேட்சில் அது வலது பக்கமும் இருந்தது. அதைச் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். சுமதி தொடையில் கிள்ளினாள்.

குணா கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். "ஆமாண்ணே," என்றார் கடைசியில். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கல்லை விளக்குக்கு முன்னால் வைத்து எத்தனையோ பேரை வாய் பிளக்க வைத்திருக்கிறேன், ஒருவரையும் அழ வைத்ததில்லை.

"அப்பாவுக்கு ஏன் மால போடல?" என்று அதட்டினார் மணியம்.

குளிர்பெட்டியிலிருந்த மாலையை எடுத்து வந்தார்கள். நேற்று அடித்த ஆணி அப்படியே இருந்தது. மாலை சில்லென்று, அப்போதுதான் கட்டியது போல இருந்தது. ஏற்பாட்டோடுதான் இருந்திருக்கிறான் என்று மணியம் திருப்தியாகத் தலையாட்டினார்.

பிறகு உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் ஊற்றியதும் கையை உதறிக்கொண்டு, "பனிக்கட்டி மாதிரி இருக்குடா," என்றார். குணா போய் ஏர்கானை நிறுத்தினார். கதவு ஜன்னலெல்லாம் அடைத்த கடை. கொஞ்ச நேரத்தில் மொத்தக் கூட்டமும் வியர்வையில் குளித்தது. திறப்பு விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்த பெண்களெல்லாம் இலையை மடித்துவிட்டு வெளியே ஓடினார்கள். மணியம் மட்டும் இரண்டாவது முறை ரசம் வாங்கிக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து செல்வத்தின் முன்னால் நின்றார். "தம்பி, அப்பா அவனுக்கு மட்டும் அப்பா இல்ல. மூத்தவன் நான். எனக்கும் ஒண்ணு வேணும்."

ஒரே மாதிரி இன்னொரு கல் உலகத்தில் கிடையாது என்று சொல்ல வேண்டியது என் தொழில் தர்மம். ஆனால் செல்வத்தின் பெட்டியில் அதே பாறையின் அடுத்த இரண்டு கற்பலகைகள் கிடந்தன. செல்வம் நிமிர்ந்து, "ஒரு வாரம் ஆவும்ணே," என்றார். "அவசரம்னா பத்து நாள்." அந்த மனிதர் அன்றைக்குத்தான் தொழிலதிபர் ஆனார்.

பயணத்தைத் தள்ளிப்போட்டேன். தவுக்கே கண்ணாடி கொடுத்தார். இந்த முறை பசை ஊற்றும் நேரத்துக்கு நான் கொட்டகையை விட்டு நகரவில்லை. கவிழ்த்துப் போட்ட கல்லின் முதுகைச் சுற்றி நாங்கள் எல்லோரும் நின்றோம். கல்லில் கை வைத்தால் கொன்றுவிடுவேன் என்று சொன்ன அதே நான், பழைய சுவரின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, "பட்டைய இன்னும் கொஞ்சம் மேல போடு. குங்குமம் பத்தாது," என்று சுமதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மணியத்தின் கடையில் மின்விசிறிகள் தடதடவென்று சுற்றின. காற்றில் இலை பறக்காமல் இருக்க ஒவ்வொருவரும் இடது கையால் இலையை அமுக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். சுவரை மாட்டி விளக்கைப் போட்டோம். அதே கண், அதே பட்டை, அதே பொட்டு. ஆனால் பாறைக்குள் ரேகை ஒரே இடத்தில் நிற்பதில்லை. பலகைக்குப் பலகை கொஞ்சம் நகரும். இந்தக் கல்லில் மீசையின் இரண்டு நுனியும் ஒரு விரலளவு மேலே ஏறியிருந்தன. அப்பா சிரித்தார்.

செய்தி கேட்டுக் குணா வந்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியேறி உள்ளே வந்து, விசிறிக்குக் கீழே நின்று, ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னாண்ணே, எங்கடையில என்னேரமும் மொறச்சுக்கிட்டே இருக்காரு. இங்க மட்டும் சிரிக்கிறாரு."

மணியம் இலைகளை அடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். "அங்க ஏர்கான் போட்டிருக்க. வேற எப்படி இருப்பாரு?"

நான் ஓசூர் வந்து சேர்ந்த பிறகு சுமதி போன் செய்தாள். செல்வத்துக்கு அடுத்தடுத்து வேலை வந்திருக்கிறதாம். எல்லோரும் அப்பா படத்தைக் கொண்டுவந்து காட்டி, இந்த மாதிரி வருமா என்று கேட்கிறார்களாம். அண்ணனும் தம்பியும் தினமும் மதியம் ஒரு கடையில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். குணா தன் கடையில் இரண்டு மின்விசிறி வாங்கி மாட்டிவிட்டார்.

"ஆனா அக்கா," என்றாள். "ஃபேன் போட்டும் அப்பா இன்னும் சிரிக்கலயாம். ஒட்டுனதுல ஏதாச்சும் கோளாறான்னு குணா ஒங்கிட்ட கேக்கச் சொன்னாரு."

பசையில் ஒரு கோளாறும் இல்லை, ஏர்கானை நிறுத்திப் பார்க்கச் சொல் என்றேன்.